முடி நேராக்கும் ரசாயனமும் மார்பகப் புற்றுநோயும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பயன்படுத்தும் முடி நேராக்கும் களிம்புகளும் நிரந்தரச் சாயங்களும் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகின்றனவா என்ற கேள்வி 2019-லிருந்து அந்நாட்டில் விவாதிக்கப்பட்டு வருகிறது. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முழுமையாக ஒத்துப்போகாததால் குழப்பம் நீடிக்கிறது.

'ரிலாக்ஸர்' என்பது என்ன?

சுருள் முடியின் கட்டமைப்பைத் தளர்த்தி நேராக்கும் காரத்தன்மை மிகுந்த களிம்பு. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்தவை, கலக்காதவை என இரு வகைகள் உண்டு. புதிதாக வளரும் முடி மறுபடியும் சுருளாகவே வருவதால், சில வாரங்களுக்கு ஒருமுறை இதைப் பூச வேண்டியுள்ளது. தலைத்தோல் வெந்து புண்ணாவதும் நிகழும். அந்தப் புண் வழியே ரசாயனம் உடலுக்குள் சேரக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

முடியை நேராக்காமல் இயல்பாக விட்டால் என்ன?

அது தனிப்பட்ட விருப்பமாக மட்டும் இருந்ததில்லை. இயல்பான சுருள் முடியும் பின்னல்களும் ஒழுங்கற்றவை என்று கருதப்பட்டு, அவற்றுடன் வந்தவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டதும் பள்ளிகளில் தண்டனை அளிக்கப்பட்டதும் அமெரிக்காவில் நடந்துள்ளன. இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் 'கிரவுன்' சட்டத்தை 2019 ஜூலையில் கலிபோர்னியா முதலாவதாக இயற்றியது. பல மாநிலங்கள் பின்பற்றின. நாடு முழுமைக்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை.

அபாயம் கூடுகிறது என்று சொன்ன ஆய்வு எது?

அமெரிக்க அரசின் தேசிய சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் நடத்தும் 'சிஸ்டர் ஸ்டடி'. சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, தமக்கு வராதிருந்த 35 முதல் 74 வயது வரையிலான பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 46,709 பேரின் தகவல்களை ஆராய்ந்த கட்டுரை 2019 டிசம்பரில் வெளியானது. நிரந்தரச் சாயம் பயன்படுத்திய கறுப்பினப் பெண்களுக்கு அபாயம் 45 சதவீதமும் வெள்ளையினப் பெண்களுக்கு 7 சதவீதமும் கூடுதலாக இருந்தன. 5 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறையோ அதைவிட அடிக்கடியோ முடியை நேராக்கியவர்களுக்கு, இன வேறுபாடின்றி, சுமார் 30 சதவீதம் கூடுதல்.

இரு இனத்தவருக்கும் ஒரே அளவு என்றால், கறுப்பினப் பெண்களைப் பற்றி மட்டும் ஏன் பேசப்படுகிறது?

பயன்பாட்டில் உள்ள வேறுபாடுதான் காரணம். அந்த ஆய்வில் முடி நேராக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தியதாகக் கூறியவர்கள் கறுப்பினப் பெண்களில் சுமார் 74 சதவீதம், வெள்ளையினப் பெண்களில் சுமார் 3 சதவீதம்.

45 சதவீதம் கூடுதல் என்றால் 100 பேரில் 45 பேருக்குப் புற்றுநோய் வருமா?

வராது. பயன்படுத்தாதவர்களுக்கு உள்ள அபாயத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் விகிதம் அது. செய்தித் தலைப்புகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. அதே ஆய்வின் 2022 அக்டோபர் கட்டுரை, கருப்பைப் புற்றுநோயைப் பற்றி இரு வகையிலும் கணக்குத் தந்தது. நேராக்கும் ரசாயனத்தை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதம் பேருக்கும் அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் பேருக்கும் 70 வயதுக்குள் அந்நோய் வரலாம் என்பது மதிப்பீடு: விகிதம் இரு மடங்குக்கு மேல், எண்ணிக்கையில் 100-க்கு ஏறத்தாழ 2 பேர் கூடுதல்.

இன்னோர் ஆய்வு தொடர்பில்லை என்கிறதே?

பாஸ்டன் பல்கலைக்கழகம் 1995-ல் தொடங்கிய கறுப்பினப் பெண்கள் சுகாதார ஆய்வு அது. சுமார் 59,000 பேர் சேர்ந்தனர். ரிலாக்ஸருக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் பொதுவான தொடர்பு தென்படவில்லை என 2021-ல் அது தெரிவித்தது. ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த வகையை 15 ஆண்டுகளுக்கு மேல், ஆண்டுக்கு குறைந்தது 7 முறை பூசியவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரு ஆய்வுகளும் தொடர்பைக் காட்டுபவையே. ரசாயனம்தான் காரணம் என்று நிரூபிப்பவை அல்ல.

சந்தேகத்துக்குள்ளான ரசாயனங்கள் எவை?

பாரபென், தாலேட் போன்றவை உடலின் ஹார்மோன் இயக்கத்தில் குறுக்கிடக்கூடியவை. சில வகை நேராக்கும் திரவங்கள் சூடேறும்போது வெளிவரும் ஃபார்மால்டிஹைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையால் வகைப்படுத்தப்பட்டது. கறுப்பினப் பெண்கள் பயன்படுத்தும் 18 முடிப் பொருள்களை 'சைலன்ட் ஸ்பிரிங்' நிறுவனம் 2018-ல் சோதித்தபோது, கண்டறியப்பட்ட ரசாயனங்களில் 84 சதவீதம் லேபிளில் குறிப்பிடப்படவில்லை. லேபிளைப் படித்து வாங்குங்கள் என்ற அறிவுரையால் மட்டும் பெரிய பயன் இல்லை.

அரசு அனுமதி பெற்றுத்தானே விற்கிறார்கள்?

அமெரிக்காவில், நிறமிகள் நீங்கலாக, அழகுசாதனப் பொருள்களுக்கு விற்பனைக்கு முந்தைய அனுமதி தேவையில்லை. 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், கடுமையான பக்கவிளைவுகளை 15 வேலை நாள்களுக்குள் தெரிவிக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. நேராக்கும் பொருள்களில் ஃபார்மால்டிஹைடைத் தடைசெய்யும் வரைவு விதியை 2024 ஏப்ரலில் வெளியிடுவதாக உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருந்த இலக்கு நிறைவேறவில்லை.

கறுப்பினப் பெண்களின் கூடுதல் உயிரிழப்புக்கு இதுதான் காரணமா?

அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. அமெரிக்காவில் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு; இறப்பு விகிதமோ சுமார் 40 சதவீதம் அதிகம். தாமதமாகக் கண்டறிதல், காப்பீடு மற்றும் சிகிச்சை பெறுவதில் உள்ள இடைவெளி, 'டிரிபிள் நெகட்டிவ்' எனும் தீவிர வகை ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுவது ஆகியவை முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள் தனிப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

ரிலாக்ஸர் பயன்பாட்டுக்கெனத் தனிப் பரிசோதனை எதுவும் பரிந்துரைக்கப்படவில்லை. 40 முதல் 74 வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2024 ஏப்ரலில் வெளியிட்ட பொதுப் பரிந்துரை. குடும்பத்தில் நோய் வரலாறு உள்ளவர்கள் 40 வயது வரை காத்திராமல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.