ஒரு பாட்டு சரி... ஒரு முழு ஆல்பம் கேட்டிருக்கீங்களா?

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேனி பஸ் கிளம்புகிறது. டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரில் இளையராஜா. ஆனாலும் பாதிப் பேர் காதில் இயர்போன். ஜன்னலோர இளைஞரின் விரல் செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பல்லவி முடிவதற்குள் அடுத்த பாட்டு. அது சரணத்தைத் தொடுவதற்குள் இன்னொன்று. செக்கானூரணி வருவதற்குள் இருபது பாட்டு 'கேட்டாகி' விட்டது. உசிலம்பட்டியில் இறங்கும்போது எதைக் கேட்டோம் என்று யோசித்தால், ஒன்றும் மனதில் நிற்பதில்லை.

உலகத்து இசையெல்லாம் உள்ளங்கைக்குள் வந்துவிட்ட காலம் இது. ஆனால், ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கும் பழக்கம் மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. மற்ற இசையை விட ராக் இசைக்கு இது பெரிய இழப்பு. ஏனென்றால், நல்ல ராக் ஆல்பங்கள் பல, தனித்தனிப் பாட்டாக அல்ல, ஒரே படைப்பாகக் கோக்கப்பட்டவை.

சாவுக்குப் பிறகு சில்லறைச் சத்தம்

'பிங்க் ஃபிளாய்ட்' குழு 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' நல்ல உதாரணம். 10 பகுதிகள், சுமார் 43 நிமிடங்கள். இதயத் துடிப்பில் தொடங்கி, இதயத் துடிப்பிலேயே முடிகிறது. நடுவே ஓடிப்போகும் காலம், பணம், மரணம், மனப் பிறழ்வு என்று ஒரு மனித வாழ்க்கை. 1973 முதல் 1988 வரைக்குள் 741 வாரங்கள் அமெரிக்காவின் 'பில்போர்டு' பட்டியலில் இருந்த ஆல்பம் இது.

இதில் 'மணி' என்ற பாட்டு ரொம்பப் பிரபலம். கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் சில்லறை குலுங்கும் ஓசையும்தான் அதன் ஆரம்பம். தாளத்தைக் கையில் போட்டுப் பாருங்கள், ஏழு எண்ணிக்கை வரும். நம் மிஸ்ர சாபுவின் அதே ஏழு! நடுவில் கிடார் தனியாக வாசிக்கும்போது மட்டும் அது நாலுக்கு மாறுகிறது.

தனியாகக் கேட்டாலும் அது நல்ல பாட்டுதான். ஆனால், அதற்கு முன்னால் வருவது மரணத்தைப் பற்றிய பகுதி. ஒரு பெண் குரல் வார்த்தையே இல்லாமல் கதறி, மெல்ல அடங்கும். பழைய இசைத்தட்டில் முதல் பக்கம் அத்தோடு முடிந்துவிடும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டால், சில்லறைச் சத்தம்! சாவு வீட்டிலிருந்து நேராகக் கடைவீதிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் 'ஷஃபிள்' இந்த அர்த்தத்தைத்தான் தின்றுவிடுகிறது.

'பீட்டில்ஸ்' 1967-ல் கொண்டுவந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் இரண்டாம் பக்கத்தை ஜார்ஜ் ஹாரிசன் சிதார், தபேலா, தில்ரூபாவோடு தொடங்குகிறார். கனமான அந்தப் பாட்டு ஒரு சிரிப்புச் சத்தத்தோடு முடிந்து, உடனே விளையாட்டான ஒரு பாட்டு வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அந்தக் குறும்பு புரியும்.

விடிய விடிய கேட்ட ஊர்

'அவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்க நமக்கு ஏது பொறுமை?' என்று யாரும் சொல்ல வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகத்தை இன்றும் கொண்டாடும் மண் இது. கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' போட்டால், பாய் விரித்து உட்கார்ந்த கூட்டம் பபூன் காமெடியிலிருந்து நாரதர் - வள்ளி தர்க்கம் வரை விடிய விடியக் கேட்கும்.

பிறகு ஒலிச்சித்திரம் வந்தது. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் வசனம் குழாய் ஸ்பீக்கரில் போகாத காதுகுத்து உண்டா? 1984-ல் வந்த 'விதி' படத்தின் கோர்ட் வசனத்தை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதுவும் ஒருவகையில் ஆல்பம் கேட்பதுதான்.

கேசட் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொடுத்து 'சிக்ஸ்டி' கேசட்டில் பதிவோம். பக்கத்துக்கு 30 நிமிடம். கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு பாதியில் வெட்டுப்படும். அடிக்கடி ஓட்டினால் டேப் சிக்கிக்கொள்ளும் என்று பயந்து, பிடிக்காத பாட்டையும் பொறுத்துக்கொண்டு கேட்டோம். நாலாவது முறை கேட்கும்போது அதுவே பிடித்த பாட்டாக மாறியிருக்கும். 'அடுத்தது' பட்டன் பறித்துக்கொண்டது இந்த வாய்ப்பைத்தான்.

பாகோடு பேசிய பண்ணைப்புரத்துக்காரர்

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், தேனி மாவட்டம் பிரிவதற்கு முன் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1986-ல் அவர் 'ஹவ் டு நேம் இட்?' வெளியிட்டார். சினிமா இல்லை, பாட்டு வரியும் இல்லை. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் முன்னே நிற்கும் 10 இசைக்கோவைகள். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாகுக்கும் அதைக் காணிக்கையாக்கினார்.

அதில் ஒரு இசைக்கோவையின் பெயருக்கு 'பாகை என் வீட்டில் சந்தித்தேன்' என்று அர்த்தம். அடுத்ததன் பெயர், 'பேசிக்கொண்டிருந்தோம்'. தலைப்புகளே ஒரு வாக்கியமாகத் தொடர்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைக் கேட்டால், சந்திப்பு இருக்கும், பேச்சு இருக்காது!

இது ராக் அல்ல. ஆனால் பிங்க் ஃபிளாய்ட் கேட்கும் அதே பொறுமையை இதுவும் கேட்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 1988-ல் வந்த 'நத்திங் பட் விண்ட்' இன்னும் எளிது. ஐந்தே இசைக்கோவைகள். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் கையைப் பிடித்து அழைத்துப் போகும்.

'அடுத்தது' சொல்லக் கூடாது!

வாரத்துக்கு ஒரு ஆல்பம் போதும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். மெசேஜ் சத்தத்தை நிறுத்துங்கள். முதல் தடவை எதையும் தாண்டாதீர்கள். பிடிக்கவில்லை என்ற தீர்ப்பை மூன்றாவது தடவைக்குப் பிறகு சொல்லலாம்.

இன்று பல வீடுகளில் நாலு பேர் காதில் நாலு பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் எல்லோரும் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் தாத்தா சொல்லும் 'திருவிளையாடல்', அடுத்த வாரம் பேத்தி சொல்லும் பிங்க் ஃபிளாய்ட். நடுவில் யாரும் 'அடுத்தது போடு' என்று சொல்லக் கூடாது. இது ஒன்றுதான் நிபந்தனை.

வீட்டில் நேரமில்லையா? 43 நிமிடம்தான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது அந்த இதயத் துடிப்பைப் போட்டுவிட்டால், அது மறுபடி கேட்கும்போது மேலூர் பக்கத்தில் இருப்பீர்கள்.