உங்கள் மோடத்துக்குள் ஒரு பிளாஸ்மா!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பல வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் வந்துவிட்டது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது, "அந்த மோடத்துக்குள் என்னதான் இருக்கிறது?" என்பதுதான். நான் சாஃப்ட்வேர் எழுதுபவன். ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். உள்ளே இருப்பது ஒரு லேசர் டையோடு.

அதன் நடுவில் பெரும்பாலும் 10 நானோமீட்டர் அளவே தடிமனுள்ள செமிகண்டக்டர் ஏடுகள் இருக்கும். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு! இந்த ஏட்டின் பெயர் 'குவாண்டம் வெல்', அதாவது குவாண்டம் கிணறு. எலெக்ட்ரான்கள் இதற்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும். 1974-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிங்கிள், வீக்மன், ஹென்றி மூவரும் இதைச் சோதனையில் காட்டினார்கள்.

செமிகண்டக்டரில் ஓர் எலெக்ட்ரான் இடம் பெயர்ந்தால் அங்கே ஒரு காலியிடம் உண்டாகும். அதுதான் 'ஹோல்'. எலெக்ட்ரான் நெகட்டிவ், ஹோல் பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஜோடி சேரும். இந்த ஜோடியே 'எக்ஸைட்டான்'.

இந்த ஜோடி பிரிய இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, வெப்பம். காலியம் ஆர்சனைடு குவாண்டம் கிணற்றில் ஜோடியைப் பிணைக்கும் ஆற்றல் சுமார் 10 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் ஆற்றலோ சுமார் 25. சூரியனில் அணுக்கள் வெப்பத்தால் எலெக்ட்ரான்களை இழப்பதைக் கணக்கிட நம் நாட்டு விஞ்ஞானி மேக்நாத் சாகா 1920-ல் ஒரு சமன்பாடு தந்தார். எக்ஸைட்டான் எவ்வளவு பிரியும் என்று கணக்கிடவும் அதே சமன்பாடு உதவுகிறது!

இரண்டாவது, நெரிசல். மாலையில் தாம்பரம் ரயில் நிலையத்தில் கணவனும் மனைவியும் கைகோத்து நடக்க முடியுமா? நடுவில் யாராவது புகுந்துவிடுவார்கள். அதுபோல எலெக்ட்ரான்களும் ஹோல்களும் பெருகினால், அக்கம்பக்கத்து மின்னூட்டங்கள் ஜோடியின் இழுவிசையை மறைத்துவிடும். ஜோடிகள் கலைந்து எல்லாம் தனித்தனியே திரியும். இதுவே பிளாஸ்மா. 1977-ல் நோபல் பரிசு பெற்ற நெவில் மாட்டின் பெயரால் இதை 'மாட் மாற்றம்' என்கிறார்கள்.

ஜோடி பிரிந்தது நமக்கு நல்லதே. மின்சாரம் ஏற ஏற பிளாஸ்மா அடர்ந்து, ஒளியைப் பெருக்கத் தொடங்குகிறது. அதுவரை மங்கலாக இருந்த டையோடு, ஒரு குறிப்பிட்ட மின்னளவைத் தாண்டியதும் லேசராகிறது. நீங்கள் அனுப்பும் மெயில் அந்த ஒளியில்தான் பயணிக்கிறது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மோடம் அனுப்பும் ஒளி பெரும்பாலும் 1310 நானோமீட்டர் அலைநீளம் உடையது. கண்ணுக்குத் தெரியாது. 'வெளிச்சம் வருகிறதா' என்று கேபிள் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்காதீர்கள். குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள். கேபிள் அறுந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.