ஜெர்மனியின் நவம்பர் 9

இருபதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் நான்கு பெரும் நிகழ்வுகள் நவம்பர் 9 அன்றே நடந்தன. அவற்றில் முதல் மூன்றைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

1918-இல் முதல் உலகப் போரில் தோல்வி உறுதியானபோது, கீல் துறைமுகத்தில் மாலுமிகள் தொடங்கிய கலகம் பெர்லினை எட்டியது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடிதுறந்தார் என்று, அவர் சம்மதிக்கும் முன்பே, பிரதமர் மாக்ஸ் அறிவித்துவிட்டார். அன்று பிற்பகல் நாடாளுமன்ற ஜன்னலில் நின்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஃபிலிப் ஷைடமான் குடியரசைப் பிரகடனம் செய்தார். அதற்குக் காரணமானவர்களைத் துரோகிகள் என்று தூற்றியே ஹிட்லர் ஆள் சேர்த்தார்.

அந்தக் குடியரசைக் கவிழ்க்க 1923-இல் மியூனிக்கில் அவர் நடத்திய ஊர்வலத்தைப் போலீஸ் சுட்டுக் கலைத்தது. அதில் இறந்த நாஜிகளைத் தியாகிகளாக்கி, ஆட்சிக்கு வந்தபின் ஆண்டுதோறும் அங்கே நினைவுநாள் கொண்டாடினார்கள்.

1938-இல் அந்த நினைவுநாளுக்குக் கட்சித் தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்தனர். பாரிஸில் யூத இளைஞன் ஒருவனால் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி அன்று மாலை வந்தது. பழிவாங்கத் தூண்டி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார். கேட்டவர்கள் தத்தம் ஊர்களுக்குத் தொலைபேசியில் உத்தரவிட்டார்கள். நாடெங்கும் யூத ஆலயங்கள் எரிந்தன. தீயணைப்புப் படையினர் பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டனர். ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். இவ்வளவும் செய்துவிட்டு, பாதிக்கப்பட்ட யூதர்கள்மீதே 100 கோடி மார்க் அபராதம் விதித்தது அரசு. வெறிபிடித்த கும்பலின் செயல் என்று இதைச் சொல்வது தவறு. அரசே முன்னின்று நடத்திய வன்முறை இது.

1989 மட்டுமே உண்மையில் தற்செயல். கிழக்கு ஜெர்மனியின் கட்சிப் பேச்சாளர் குண்டர் ஷபோவ்ஸ்கி, கையில் கொடுக்கப்பட்ட தாளை முழுதாகப் படிக்காமலே செய்தியாளர்களைச் சந்தித்தார். புதிய பயண விதி எப்போது அமலாகும் என்று கேட்டதும், தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடனே என்றார். விசாவுக்கு மனு செய்து, மறுநாள் முதல் முறைப்படி போகலாம் என்பதே திட்டம். தொலைக்காட்சியில் செய்தி பரவியதும், 28 ஆண்டுகளாக நகரைப் பிரித்து நின்ற பெர்லின் சுவரின் வாயில்களில் மக்கள் திரண்டார்கள். போர்ன்ஹோல்மர் தெரு வாயிலில் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகர், மேலிடத்திலிருந்து தெளிவான பதில் கிடைக்காத நிலையில், இரவு 11.30 மணியளவில் கதவைத் திறக்கச் சொன்னார். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

சுவர் திறந்த நாளையே தேசிய நாளாக்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால் 1938-இன் நினைவு இருக்கும் தேதியில் விழா எடுப்பது பொருந்தாது. அதை ஒதுக்கியது சரியான முடிவே. இரு ஜெர்மனிகளும் 1990-இல் ஒன்றான அக்டோபர் 3 அந்நாட்டின் தேசிய நாளாக இருக்கிறது.