அவசரப்படாத கிருமி

"எச்சில் வேண்டாம், சளி வேணும்." டப்பாவைக் கையில் கொடுக்கும்போது சளிப் பரிசோதனைக்கூட ஊழியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, திறந்தவெளியில் ஆள் நடமாட்டமில்லாத பக்கமாக நின்று, இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். கெட்டியாக வந்தால் நல்லது. நுரைத்த எச்சிலில் காசநோய்க் கிருமி சிக்குவது அரிது, ஏனென்றால் அது குடியிருப்பது நுரையீரலுக்குள்.

அந்தக் கிருமியின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, தோதான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு 15 முதல் 20 மணி நேரம் ஆகிறது. நோயின் அறிகுறிகள் ஆளை ஏமாற்றுவதற்கும், பரிசோதனைகள் நூறாண்டுக்கு மேல் திணறியதற்கும் இந்த நிதானம் ஒரு முக்கியக் காரணம்.

மூச்சோடு உள்ளே போன கிருமியை நுரையீரலின் காவல் செல்கள் விழுங்குகின்றன. அது செரிமானமாகாமல் அந்தச் செல்லுக்குள்ளேயே பிழைத்துக்கொள்கிறது. உடல் அதைச் சுற்றி மேலும் மேலும் செல்களை அனுப்பி முடிச்சுப் போடுகிறது. பெரும்பாலோருக்குக் கதை அத்துடன் நின்றுவிடும். தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாகிறது. அப்படி ஆகும்போதும் ஆர்ப்பாட்டம் இல்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது. சோறு இறங்கவில்லை. சட்டை தொளதொளக்கிறது. இரவில் தலையணை நனைய வியர்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் அலைச்சல், வெயில், கவலை என்று ஒரு சமாதானம் கைவசம் இருக்கிறது. இருமலுக்கோ மெடிக்கல் கடையில் சிரப் இருக்கிறது.

நம் பழைய படங்களில் பாத்திரம் இருமிவிட்டுக் கைக்குட்டையை விரித்தால் ரத்தம் இருக்கும். அந்தக் காட்சி நமக்குப் பெரிய தீங்கு செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். முடிச்சின் நடுப்பகுதி சிதைந்து குழியாகி, அதன் ஓரத்து ரத்தக்குழாய் அரிக்கப்படும்போதுதான் ரத்தம் வருகிறது. பல நோயாளிகளுக்கு அது வருவதே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அதற்குக் காசு இல்லை. கழுத்தில் வலியில்லாமல் பெருக்கும் நெறிக்கட்டி, விடாத முதுகுவலி ஆகியவையும் இதே நோயாக இருக்கலாம். அப்போது இருமலே இல்லாமலும் இருக்கலாம்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியை உலகுக்குக் காட்டினார். அதுவரை கண்ணில் படாததற்குக் காரணம் அதன் மெழுகு போன்ற உறை. வழக்கமான சாயம் எதுவும் அதில் எளிதில் ஏறாது. கோக் அன்று ஆற்றிய உரையைக் கேட்டவர்களில் ஒருவரான பால் எர்லிச் சாயமேற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். சில ஆண்டுகளில் தன் சளியிலேயே அந்தக் கிருமியைக் கண்டு, உடல் தேற எகிப்துக்குப் போனார். அவர் வழியைப் பின்பற்றி வந்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சளி தடவிய கண்ணாடித் தகட்டில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டுகிறார்கள். சூட்டில் சாயம் உறைக்குள் புகுந்துவிடும். பிறகு அமிலம் ஊற்றினால் மற்ற எல்லாவற்றின் சிவப்பும் கழன்றோடும். இந்தக் கிருமி மட்டும் விடாது. கடைசியாக நீலச் சாயம். நுண்ணோக்கியில் பார்த்தால் நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் கோடுகள். எது மருந்துகளிலிருந்து கிருமியைக் காக்கிறதோ, அந்த உறையே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இப்படிக் கண்ணில் படும். அதற்குக் குறைவாக இருந்தால் முட்டை கலந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். 20 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகும் உயிரை வளர்த்தெடுக்க எட்டு வாரம் வரை ஆகும். அதுவரை நோயாளி வீட்டில் இருமிக்கொண்டிருப்பார்.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன் எக்ஸ்பெர்ட் கருவி, வளர்வதற்குக் காத்திருப்பதையே விட்டுவிட்டது. கிருமியை உடைத்து, அதன் டி.என்.ஏ.வில் ஒரு சிறு பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் படியெடுக்கிறது. மில்லிக்குச் சுமார் 130 கிருமிகள் இருந்தாலே போதும். இரண்டு மணி நேரத்தில் முடிவு. அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்து தாக்குவது, அந்தப் பகுதி அடங்கிய மரபணு உருவாக்கும் புரதத்தைத்தான். அந்தப் பகுதியின்மேல் ஒட்டி ஒளிரும் ஐந்து துண்டுகளைக் கருவி அனுப்புகிறது. எல்லாம் ஒளிர்ந்தால் மருந்து கேட்கும். ஏதாவது ஒன்று ஒளிராமல் இருந்தால் அந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது, மருந்து கேட்காது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடுவதால், மின்சாரம் நிலையில்லாத ஊர்களுக்கும் இந்த நுட்பம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதற்கும் குறை உண்டு. செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் இது காட்டும். அதனால் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க மறுபடி அந்தப் பழைய சிவப்புச் சாயத்துக்குத்தான் போகிறார்கள்.

அறிகுறியை மட்டும் நம்புவதும் போதாது. 2019 முதல் 2021 வரை, சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நாடெங்கும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் விட்டுப்போயிருப்பார்கள் என்று அதில் தெரிந்தது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால், இருமல் இல்லாதவர்களையும் எக்ஸ்ரேக்கு அழைப்பது இதனால்தான்.

மிகவும் கடினம் சின்னக் குழந்தைகளிடம்தான். அவர்களுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரவெல்லாம் விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுப்பது வழக்கம். குழந்தைக்கும் வேதனை, பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கும் வேதனை. விழுங்கிய கிருமியின் டி.என்.ஏ. செரிமானத்தையும் தாண்டி வெளியே வந்துவிடுகிறது என்பது இப்போது பயன்படுகிறது. குழந்தையின் மலத்தில் ஒரு துளியை அதே ஜீன் எக்ஸ்பெர்ட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. அதில் கிருமி தென்பட்டால் குழாய் தேவையில்லை, அன்றைக்கே மருந்தைத் தொடங்கலாம்.