நடுக்கடலில் மக்கர் செய்யும் என்ஜின்! குற்றவாளி யார்?

சென்னை, காசிமேடு:

நள்ளிரவு. சுற்றிலும் இருட்டு. ஆளுயரத்துக்கு அலை எழும்புகிறது. ஓடிக்கொண்டிருந்த விசைப்படகு என்ஜின் இரண்டு தடவை விக்குகிறது. "டக்" என்று நின்று விடுகிறது!

கரை கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று இழுத்த பக்கம் படகு போகிறது. உள்ளே இருப்பவர்கள் கதி?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு ஓட்டும் டிரைவர்களுக்கு இந்தப் பயம் புதிது அல்ல. "என்ஜின் சரியில்லப்பா" என்று பழியை என்ஜின் மேல் போட்டு விடுவார்கள். பிரித்துப் பார்த்தால் பல சமயம் என்ஜினில் கோளாறே இருக்காது. குற்றவாளிகள் மூன்று பேர். தண்ணீர், கசடு, காற்று!

அடியில் பதுங்கும் தண்ணீர்

டேங்க் பாதி காலியாக இருந்தால், மீதி இடத்தில் ஈரக்காற்று புகுந்து கொள்கிறது. இரவில் குளிர்ந்ததும் அது வேர்த்துத் தண்ணீராகிறது. மூடி வாஷர் தேய்ந்திருந்தால் கடல் தண்ணீரும் இறங்கும்.

டீசலை விடத் தண்ணீர் கனம். அடியில் போய்ப் படுத்துக் கொள்ளும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து, வழவழ என்று சளி மாதிரி கசடு சேரும்.

கடல் அமைதியாக இருக்கும்வரை தொல்லை இல்லை. படகு ஆட ஆட அடிக்கசடு கலங்கி பில்டரை அடைக்கிறது. அதனால்தான் கொந்தளிப்பு நேரமாகப் பார்த்து என்ஜின் காலை வாருகிறது!

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை

மூன்றாவது ஆசாமி காற்று. டேங்கில் இருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் கிளிப் லூசானால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை. காற்றுதான் உள்ளே போகும். ஏர் பிடித்த என்ஜின் எவ்வளவு சுற்றினாலும் ஓடாது. பில்டர் மேல் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

பொருத்தும்போதே கவனம்

* டேங்கின் பள்ளமான இடத்தில் வடிகால் காக் வேண்டும். உறிஞ்சு குழாய் அடியைத் தொடாமல் சற்று மேலே நிற்க வேண்டும்.

* காற்றுக் குழாய் டெக்குக்கு மேலே, வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும்.

* டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் பில்டர் தேவை. இரண்டை ஜோடியாக வைத்து நடுவில் மாற்று வால்வு போட்டால், ஒன்று அடைத்தாலும் என்ஜினை நிறுத்தாமல் மற்றதுக்கு மாற்றலாம்.

* டேங்கின் உள்பக்கம் துத்தநாகம் பூசிய தகடு கூடாது. டீசலோடு சேர்ந்து அது கசடாகும்.

* என்ஜின் அதிரும். கடைசித் துண்டுக்கு டீசலுக்கென்றே உள்ள நல்ல ஓஸ் போட வேண்டும். சூடான சைலன்சர் குழாய் பக்கம் போகவே கூடாது. சொட்டினால் தீதான்!

ஜூன் 15-க்கு முன்...

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு சும்மா கிடக்கும் இந்த நேரத்தில்தான் டேங்கில் தண்ணீரும் கசடும் சேருகின்றன. பெயிண்ட் அடிப்பதற்குக் காட்டும் அக்கறையை டேங்குக்கும் காட்ட வேண்டும். காக்கைத் திறந்து தண்ணீரை வடித்து, புது பில்டர் போட்டு, உதிரியாக இரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பாதிக் கவலை தீர்ந்தது.

அப்படியும் நின்று விட்டால்? கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கரையை விட்டு வெகுதூரம் போய்விட்டால் செல்போன் சிக்னல் கிடைக்காது. வி.எச்.எப். ரேடியோவில் 16-வது சேனலில்தான் கூப்பிட வேண்டும்.