வறியோர் விடுதி இருந்த மேட்டில் ஒரு மணிமுடி

பழம்பெரும் ஆலயம் ஒன்றைக் காணும்போது, “இதனைக் கட்டிய மன்னன் யார்?” என்று வினவுவது நம்மவர் வழக்கம். இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள லிவர்ப்பூல் நகரத்தின் கிறிஸ்து அரசர் பேராலயத்து முன்றிலிலே நின்று அவ்வாறு வினவினால், விடையாக எந்த மன்னன் பெயரும் கிடையாது. உழைத்து வாழ்ந்த எளிய மக்கள் பங்குகள்தோறும் கொடுத்த சிறு காசுகளே அதன் முதல். மூன்று வரைபடங்கள் கைவிடப்பட்டு, நான்காவது வரைபடத்தினால் நிறைவெய்திய அவ்வாலயத்தின் வரலாறு, பெரிதாகக் கட்டுவதா, போதுமானதாகக் கட்டுவதா என்னும் வினாவை நம்முன் வைக்கின்றது.

பசி கொண்டுவந்த மக்கள்

1845ஆம் ஆண்டு தொடக்கம் அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிர் நோயினால் அழிந்தது. அதனையே உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்கள் கடல் கடந்து லிவர்ப்பூலுக்கு ஓடிவந்தனர். 1847ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் அத்துறைமுகத்தில் இறங்கினர். அவர்களுட் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். கப்பற் கூலிக்கு வழியற்றவர்கள் அந்நகரத்திலேயே தங்கினர். நெருக்கமான நிலவறைகளிலே குடியிருந்த அவர்களிடையே நச்சுக் காய்ச்சல் பரவிற்று. நோயாளரைத் தேடிச் சென்று பணிசெய்த கத்தோலிக்கக் குருமாருள் பத்துப் பேர் அவ்வாண்டிலேயே அந்நோய்க்கு இரையாயினர்.

இவ்வாறு பெருகிய மக்களுக்கென ஒரு பேராலயம் வேண்டுமென 1853ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. எட்வேட் வெல்பி பியூஜின் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த ஆலயத்தில் மாதா சிற்றாலயம் மாத்திரமே 1856ஆம் ஆண்டில் முடிவுற்றது. பசித்த வயிறுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பணம் தேவைப்பட்டமையால் எஞ்சிய வேலை நின்றுபோயிற்று.

உலகிற் பெரிய குவிமாடம்

எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அதிமேற்றிராணியார் றிச்சேட் டௌனி காலத்தில், 1930ஆம் ஆண்டளவில், பிரௌன்லோ மேட்டிலே 9 ஏக்கர் நிலம் 1 இலட்சம் பவுணுக்கு வாங்கப்பட்டது. அந்நிலத்திலே அதற்குமுன் இருந்தது நகரத்தின் வறியோர் விடுதி. வேறு போக்கற்றவர்கள் உழைப்பைக் கொடுத்து உணவும் உறைவிடமும் பெற்ற இடம் அது. இங்கிலாந்தின் மிகப் பெரிய விடுதிகளுள் ஒன்று. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் வழிவந்த தாதியான ஆக்னஸ் ஜோன்ஸ் அம்மையார் 1865ஆம் ஆண்டில் அங்கே சென்று, ஏழை நோயாளருக்குப் பயிற்சி பெற்ற தாதியர் பணியைத் தொடக்கிவைத்தார். மூன்றாண்டுகளில் காய்ச்சலுற்று, 35ஆம் வயதிலேயே காலமானார். ஏழைகள் அஞ்சிய அம்மேட்டிலேதான் ஏழைகளின் பேராலயம் எழவேண்டியிருந்தது.

வரைபடத்தை ஆக்கியவர் எட்வின் லட்யென்ஸ். புதுடில்லியின் ஆட்சி மாளிகையை ஆக்கிய அதே கலைஞர். றோமாபுரியிலுள்ள புனித இராயப்பர் பேராலயத்துக் குவிமாடத்தின் குறுக்களவு ஏறக்குறைய 137 அடி. லட்யென்ஸ் வரைந்த குவிமாடமோ 168 அடி! உயரம் 510 அடி. 1933ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆயின் உலகப்போர் குறுக்கிட்டது. 1941ஆம் ஆண்டில் வேலை நின்றது. 1944இல் லட்யென்ஸ் மறைந்தார். முதலில் 30 இலட்சம் பவுண் எனக் கணிக்கப்பட்ட செலவு, போருக்குப் பின்னர் 2 கோடி 70 இலட்சமாக உயர்ந்தது. கருங்கல்லினாலும் செங்கல்லினாலும் அமைந்த நிலவறை மட்டும் 1958ஆம் ஆண்டில் முடிவுற்றது. இடையிலே ஏட்றியன் கில்பேட் ஸ்கொட் என்பார் அவ்வரைபடத்தைக் குறுக்கித் தந்த இன்னொரு வரைபடமும் கைவிடப்பட்டது. லட்யென்ஸின் ஆலயத்துக்கெனச் செய்யப்பட்ட பெரிய மரமாதிரி நூதனசாலைப் பொருளாகிவிட்டது.

பீடத்தைச் சுற்றி மக்கள்

1957ஆம் ஆண்டில் அதிமேற்றிராணியாராக வந்த ஜோன் ஹீனன் துணிவானதொரு முடிவு செய்தார். கட்டடக் கலைஞர்களுக்கென ஒரு போட்டியை அறிவித்து, சில நிபந்தனைகளை விதித்தார். 2,000 பேர் அமரவேண்டும். அத்தனை பேரும் பீடத்தைத் தடையின்றிக் காணவேண்டும். முடிவுற்ற நிலவறையோடு புதிய ஆலயம் பொருந்தவேண்டும். கட்டடச் செலவு 10 இலட்சம் பவுணளவில் அமையவேண்டும். ஐந்தாண்டுகளில் வேலை முடியவேண்டும். ஏறக்குறைய 300 வரைபடங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டில் வென்றவர் பிரெடெரிக் கிபேட் என்பார்.

எல்லோரும் பீடத்தைக் காண்பது எவ்வாறு? நீண்ட மண்டபத்தின் ஒரு கோடியிலே பீடத்தை வைத்தால், பின்னால் இருப்பவர்க்கு அது எட்டாப் பொருளாகிவிடும். ஆதலின் கிபேட் ஆலயத்தையே வட்டமாக்கி, நடுவிலே பீடத்தை வைத்தார். பொதுமக்களும் வழிபாட்டில் முழுமையாகப் பங்குகொள்ளவேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டில் வலியுறுத்துமுன்னரே இவ்வரைபடம் தெரிவு செய்யப்பட்டுவிட்டது.

வட்டத்தின் குறுக்களவு 195 அடி. சுற்றிலும் 16 கொங்கிறீற்று விலாக்கள் நிலத்திலிருந்து எழுந்து, நடுவழியில் உள்நோக்கி வளைந்து மேலே செல்கின்றன. வளைவிடத்தில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக இரண்டு கொங்கிறீற்று வளையங்கள், வண்டிச் சில்லை இரும்புப் பட்டம் பிணைப்பதுபோல, அவ்விலாக்களைப் பிணைத்து நிற்கின்றன. வெளியே சாய்ந்து நிற்கும் முட்டுக்கால்கள் அவற்றைத் தாங்குகின்றன. ஆகவே உள்ளே பீடத்தை மறைக்கும் தூண் ஒன்றேனும் இல்லை.

இவற்றின் தலைமேல் 2,000 தொன் எடையுள்ள கண்ணாடிக் கோபுரம் வீற்றிருக்கின்றது. ஜோன் பைப்பர், பற்றிக் றெயின்டியன்ஸ் ஆகிய இருவரும் ஆக்கிய அக்கோபுரத்திலே மஞ்சள், நீலம், சிவப்பு என்னும் மூன்று நிறங்கள் திரித்துவத்தைக் குறிக்கின்றன. வெயில் நகர நகர அந்நிறங்கள் மக்கள்மீதும், 19 தொன் எடையுள்ள வெண்சலவைக்கற் பீடத்தின்மீதும் மாறி மாறி விழும். கோபுரத்தின் உச்சியிலுள்ள கூர்முனைகள், வெளியே நின்று நோக்குவார்க்கு அரசன் ஒருவனின் மணிமுடிபோலத் தோன்றும். வாயிலின்மேல் நான்கு மணிகள். அவற்றின் பெயர்கள் மத்தேயு, மாற்கு, லூக்காஸ், அருளப்பர்.

1962ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய வேலை, 1967ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி, பெந்தகோஸ்தே திருநாளன்று அபிஷேகத்துடன் நிறைவுற்றது. ஊரவர் அதற்கு உடனே ஒரு பட்டப்பெயர் சூட்டினர். அயர்லாந்தியரைப் ‘பாடி’ எனக் கேலியாக அழைப்பது அங்கே வழக்கம். செவ்விந்தியரின் கூம்பு வடிவக் குடிலோ ‘விக்வாம்’ எனப்படும். இரண்டையும் சேர்த்துப் ‘பாடியின் விக்வாம்’ என்றனர். ஏளனமாகப் பிறந்த பெயர் நாளடைவில் அன்புப் பெயராயிற்று.

விரைவுக்குக் கொடுத்த விலை

நிற்க, இவ்வாலயத்தின் குறையையும் மறைத்தலாகாது. புதிய பொருள்களைக் கொண்டு விரைவாகவும் சிக்கனமாகவும் கட்டியதன் பயன் சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது. அலுமினியக் கூரையூடாக மழைநீர் கசிந்தது. விலாக்கள்மேற் பதித்த சிறு ஓடுகள் கழன்று விழுந்தன. 13 இலட்சம் பவுண் இழப்பீடு கோரி வழக்கும் நடந்தது. 1990ஆம் ஆண்டுகளிலே பெருஞ்செலவில் திருத்த வேலைகள் நடைபெற்றன. பழைய கூரையின் இடத்திலே துருவேறாத உருக்குக் கூரை வந்தது. கிபேட் எண்ணியிருந்த முகப்புப் படிக்கட்டும் 2003ஆம் ஆண்டிலேதான் முடிவுற்றது.

வாயிலில் நின்று நோக்கினால், அரைமைல் நீளமான வீதி ஒன்றின் மறுகோடியிலே இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயம் செங்கல்நிறப் பாறைபோல உயர்ந்து நிற்பதைக் காணலாம். 1904ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் வேலை முடிவுற்றது 1978ஆம் ஆண்டில். அதனை வரைந்த ஜைல்ஸ் கில்பேட் ஸ்கொட் ஒரு கத்தோலிக்கர். கத்தோலிக்கப் பேராலயத்தை வரைந்த கிபேட் கத்தோலிக்கர் அல்லர்! சமயப் பகைமை கொதித்த நகரொன்றில் இவ்வாறு அமைந்தமை வியப்பே. இரண்டையும் இணைக்கும் வீதி, இவ்விரு ஆலயங்களுக்கும் முன்பிருந்தே ‘ஹோப்’ வீதி, அதாவது நம்பிக்கை வீதி என அழைக்கப்பட்டு வருகின்றது. 1982ஆம் ஆண்டுப் பெந்தகோஸ்தே திருநாளன்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இரு பேராலயங்களுக்கும் சென்று வழிபட்டார்.

லட்யென்ஸின் குவிமாடம் எழுந்திருப்பின் உலகம் அண்ணாந்து பார்த்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கெனக் காசு சேர்த்த தலைமுறையினர் ஒருவரேனும் அதன் கீழே முழந்தாளிட்டிருக்க மாட்டார்கள். சிறியதாயினும் கண்முன் முடிவுற்ற ஆலயத்திலே அவர்களின் மக்களும் பேரர்களும் அமர்ந்தனர். கடைசி வரிசையில் இருந்த முதியவளும் பீடத்தைக் கண்டாள். கசிந்த கூரையைப் பின்னர் மாற்ற முடிந்தது. கட்டாமலே கடந்துபோன காலத்தை எவரால் மீட்க முடியும்?