குளிர் தந்த குமிழி

பிரான்சின் வடகிழக்கே, ரீம்ஸ், எப்பர்னே நகரங்களைச் சுற்றியிருக்கிறது ஷாம்பெய்ன் வட்டாரம். திராட்சை விளைய இது சற்றுக் குளிர் மிகுந்த மண். பழத்தில் இனிப்பு குறைவாகவும் புளிப்பு தூக்கலாகவும் இருக்கும்.

அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்ததும் ஒயின் நொதிப்பது பாதியில் நின்றுவிடும். வசந்தத்தில் வெப்பம் ஏறியதும், அடைத்த புட்டிக்குள்ளேயே மறுபடி நொதிக்கும். வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினில் கரைந்து, திறந்ததும் குமிழிகளாகப் பொங்கும். பல புட்டிகள் நிலவறையிலேயே வெடித்துச் சிதறின. தொழிலாளர்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்கள்!

இன்று இரண்டாவது நொதிப்பைச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து வேண்டுமென்றே நடத்துகிறார்கள். புட்டிக்குள் அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம். கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒயினைக் கலங்கலாக்கும் ஈஸ்ட் வண்டலை நீக்க வழி கண்டது, 27 வயதில் கணவரை இழந்து அவரது ஒயின் நிறுவனத்தை ஏற்று நடத்திய மேடம் கிளிக்கோவின் நிலவறை. துளையிட்ட மேசையில் புட்டியைத் தலைகீழாகச் செருகி, அவ்வப்போது சிறிது சிறிதாகத் திருப்பினால், வண்டல் முழுவதும் கழுத்துக்கு இறங்கிவிடும். எத்தனை எளிய, எத்தனை அருமையான யோசனை! அடைப்பைத் திறந்தால் அழுத்தமே வண்டலை வெளியே தள்ளிவிடும்.

இந்த வட்டாரத்தின் திராட்சைச் சரிவுகளையும் சுண்ணாம்புப்பாறை நிலவறைகளையும் யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.